பதினாறு வினாக்கள், ஒரேயோர் எழுத்து

குமிலன் தவிட்டையைப் பிசலினான். அதைக் கண்ட நூவர்கள் கொதும்பினர்.

இனி வினாக்கள். குமிலன் எதைப் பிசலினான்? அதைக் கண்டு கொதும்பியவர்கள் யார்? முதலாவதற்குத் தவிட்டை, இரண்டாவதற்கு நூவர்கள். இரண்டுக்கும் முழுப் புள்ளி. தவிட்டை என்பது தின்பண்டமா வளர்ப்பு மிருகமா என்பது எழுதிய பிள்ளைக்கும் தெரியாது, திருத்திய ஆசிரியருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அப்படியொரு சொல்லே கிடையாது. வேற்றுமை உருபு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த எவரும் இந்தப் ‘பந்தி வாசித்து விளங்குதல்’ வினாவில் சித்தியடைந்துவிடலாம். ஆங்கில வாசிப்பைச் சோதிப்பதாகச் சொல்லிப் பாடசாலைகளில் தவணைக்குத் தவணை கேட்கப்படும் வினாக்களில் கணிசமானவை இந்த வகைதான். வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுது. பிள்ளைகள் இதை ஏழாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் வாசிக்கிறார்களா, தேடுகிறார்களா என்பதை ஒரு வினாத்தாளால் பிரித்தறிய முடியுமா? இலங்கையின் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தாளைப் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

பேஸ்லைன் வீதி ஹைலெவல் வீதியை முட்டும் கிருலப்பனையிலிருந்து பாமன்கடைப் பக்கமாக வெள்ளவத்தைக்கு இறங்கினால், மதில்களிலும் மின்கம்பங்களிலும் இரண்டு வகை விளம்பரங்களைக் காணலாம். ஒன்று ‘ஓ.எல். இங்கிலீஷ்’, மற்றது ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’. நாள் வேறு, கட்டணம் வேறு, சில இடங்களில் ஆசிரியர் மட்டும் ஒருவரே. ஒரே மொழியை இரண்டாக அறுத்து இரண்டு வகுப்பாக விற்க முடிகிறது என்றால், அதற்கான வெட்டுக்கோட்டை முதலில் போட்டுக் கொடுத்தது பரீட்சை. ரியூட்டரிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எது புள்ளி தரும், எது தராது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அதன்படி வகுப்பு நடத்துகிறார்கள்.

தாளின் அமைப்பைப் பார்ப்போம். முதலாம் தாளுக்கு ஒரு மணித்தியாலம், எட்டு வினா, 40 புள்ளி. இரண்டாம் தாளுக்கு இரண்டு மணித்தியாலம், இன்னும் எட்டு வினா, 60 புள்ளி. ஆரம்பத்தில் படத்தைப் பார்த்துப் பொருத்துவது, தந்த சொல்லை இடைவெளியில் இடுவது போன்ற இலகு வேலைகள். ஐந்தாவது வினாவில் ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். பதினான்காவதில் ஏறத்தாழ 100 சொற்களில் ஒரு கடிதம், அல்லது ஒரு வரைபடத்தின் விவரணம். பதினாறாவதில் ஏறத்தாழ 200 சொற்களில் கட்டுரை, பேச்சு, கதை என்று ஏதாவது ஒன்று. 75 புள்ளி எடுத்தால் ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை.

ஏணி போன்ற இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை விழுகிற, அக்கா சர்வதேசப் பாடசாலையில் படிக்கிற வெள்ளவத்தைப் பிள்ளைக்கும், ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் பதிலுக்கு எவரும் வராத மஸ்கெலியா பாடசாலைப் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே தாள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றுகிற பரீட்சையில் கடைசிப் படியில் நிற்பவருக்கும் எழுத ஏதாவது இருக்க வேண்டும், உச்சியில் நிற்பவரும் சலிக்கக் கூடாது. நோக்கம் நியாயமானது. விளைவு வேறு. சுயமாக ஒரு வசனம்கூட எழுதாமல், பொருத்தியும் தெரிவுசெய்தும் கோடிட்டும் 35ஐ எட்டிவிடுவது கணக்கின்படி சாத்தியம். அப்படியிருந்தும் 2010களின் பெரும்பகுதியில், ஆங்கிலத்துக்குத் தோற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த 35ஐத் தொடவில்லை. உயர் தரத்துக்குப் போகத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும். ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமில்லை. தோற்றுவது கட்டாயம், தேறுவது அவரவர் விருப்பம்!

இந்தத் தீவில் ஆங்கிலப் பரீட்சைக்கு வயது அதிகம். கேம்பிரிஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இங்கு வந்தன, லண்டன் பரீட்சைகள் 1882இல். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறிப் போயின. பெறுபேறு திரும்பிவர மாதங்கள் ஆகும். கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலையில் படித்த சிறு கூட்டத்துக்கான பரீட்சை அது. ஆங்கிலேயப் பிள்ளைக்குத் தயாரித்ததை எங்கள் பிள்ளையும் எழுதிற்று என்பதில் அக்காலத்தவர் பெருமைதான் கொண்டார்கள். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின், கற்கும் மொழி படிப்படியாகத் தமிழாகவும் சிங்களமாகவும் மாறியது, ஆங்கிலம் எல்லாருக்கும் உரிய இரண்டாம் மொழிப் பாடமாயிற்று. சிலருக்கான பரீட்சையைப் பலருக்கான பரீட்சையாக மாற்றும் வேலை அன்று தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

அந்த வேலையின் மிகச் சுவாரசியமான அத்தியாயம் 1988. அதற்குச் சற்று முன் ‘இங்கிலீஷ் எவ்ரி டே’ என்ற பாடநூல் வரிசை பாடசாலைகளுக்கு வந்திருந்தது. இலக்கணச் சூத்திரம் ஒப்புவிப்பதை விட்டு, விளம்பரம், அறிவித்தல், கடிதம் என்று அன்றாடம் கண்ணில் படுபவற்றை வாசிக்கவும் எழுதவும் பழக்கும் நூல்கள் அவை. பாடநூல் மாறினால் போதாது, பரீட்சையும் மாறினால்தான் ஆசிரியர் மாறுவார் என்று கருதி, 1988இல் சாதாரண தர ஆங்கிலத் தாளையும் புதிதாக்கினார்கள். அது உண்மையில் வகுப்பறையை மாற்றிற்றா என்று அறிய லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயன் வோலும் சார்ள்ஸ் ஓல்டர்சனும் இலங்கை ஆசிரியர்களோடு சேர்ந்து நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வகுப்புகளுக்குள் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் அவதானித்தார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வின் பெயரே ‘இலங்கைத் தாக்க ஆய்வு’. பரீட்சை கற்பித்தலை எவ்வளவு தூரம் வளைக்கிறது என்ற கேள்விக்கு உலகெங்கும் மொழிப் பரீட்சை நிபுணர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது எங்கள் வகுப்பறைகளைத்தான். எங்கள் ஆசிரியர் கலாசாலைகளுக்கு வெளியே அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்பதில்லை.

அவர்கள் கண்டது இரண்டு விடயம். புதிய பரீட்சை, எதைக் கற்பிப்பது என்பதை மாற்றிவிட்டது. தாளில் வரும் வகைகளே வகுப்பிலும் வந்தன, ஆண்டின் கடைசித் தவணையில் பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களும் கடையில் விற்கும் மாதிரித் தாள்களும் மேசைக்கு வந்தன. ஆனால் எப்படிக் கற்பிப்பது என்பதில் அசைவே இல்லை. முன்பு இலக்கணப் பயிற்சியை வாசித்து விடை சொன்ன ஆசிரியர், இப்போது விளம்பரத்தை வாசித்து விடை சொன்னார். புதிய தாளின் நோக்கத்தைப் பலருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை. பரீட்சையைத் திருத்தினால் கல்வி திருந்திவிடும் என்று இன்று சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டுப் பேசினால் நேரம் மிச்சமாகும்.

இலக்கண வினாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி நிரப்புவது பழைய தந்திரம். ஒரு பந்தியில் ஒழுங்கான இடைவெளியில் சொற்களை நீக்கி வாசகரை நிரப்பச் சொல்லும் முறையை 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் முன்வைத்தபோது, அது இலக்கணச் சோதனையே அல்ல. ஒரு பந்தி எவ்வளவு கடினமானது என்று அளக்க அவர் செய்த வழி அது. முழுப் பந்தியின் பொருளும் மனத்தில் நின்றால்தான் அந்த இடைவெளிகளை நிரப்ப முடியும். எங்கள் பயிற்சிப் புத்தகங்களில் அது சுருங்கி, தனித்தனி வசனம், அடைப்புக்குள் ஒரு வினைச்சொல், அதன் சரியான வடிவம் என்றாகிவிட்டது. ‘நேற்று’ என்ற சொல்லைக் கண்டால் இறந்தகாலம் போடு. வசனத்தின் மிச்சத்தை வாசிக்கவே தேவையில்லை. பத்துக்குப் பத்து எடுத்த அதே பிள்ளை பக்கத்தைப் புரட்டிக் கட்டுரை எழுதும்போது, நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகும். அறிவும் பழக்கமும் இரண்டு வெவ்வேறு அறைகளில் குடியிருக்கின்றன, தாள் முதல் அறையின் கதவை மட்டுமே தட்டுகிறது.

கட்டுரைக்கு வந்தால் சிக்கல் திருத்துபவரிடம் மாறுகிறது. உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழி, எழுத்துக்கூட்டலும் குறியீடும் என்று புள்ளியிடும் திட்டம் கட்டுரையைப் பிரித்து வைத்திருக்கிறது. பிரித்துப் புள்ளியிடுவது நல்லதுதான், இல்லாவிட்டால் கையெழுத்து அழகுக்கே பாதிப் புள்ளி போய்விடும். ஆனால் மனப்பாடத்துக்கு அதில் நிரல் இல்லை. டெங்கு ஒழிப்பு, சுற்றாடல் பாதுகாப்பு, வாசிப்பின் நன்மை, கைத்தொலைபேசியின் தீமை என்று நாலைந்து தலைப்பில் ரியூட்டரி தந்த கட்டுரையை உருப்போட்ட பிள்ளைக்கு, தலைப்பு ஓரளவு ஒத்துவந்தால் போதும். வரைபட விவரணம் இன்னும் வசதி. எந்த வரைபடத்துக்கும் பொருந்தும் ஏழெட்டு வசனம், இலக்கங்களை மட்டும் மாற்றினால் சரி. ஒரே மண்டபத்தின் விடைத்தாள் கட்டில் ஒரே முதல் வசனம் திரும்பத் திரும்ப வருவதைத் திருத்தும் ஆசிரியர் காண்பார். காண்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. வசனத்தில் பிழை இல்லையென்றால் புள்ளியைக் கொடுத்தேயாக வேண்டும். பிழையோடு சொந்தமாக எழுதிய பிள்ளை அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போகும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தலைப்பை மட்டும் தராமல், வாசித்த பந்தியிலிருந்து எழுதவைப்பது ஒரு வழி. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றி ஒரு மாணவி அதிபருக்கு எழுதிய முறைப்பாட்டை வாசிக்கக் கொடுத்து, அதிபரின் பதிலை எழுதச் சொன்னால், உருப்போட்டது எதுவும் உதவாது. முறைப்பாட்டை விளங்கினால்தான் பதில் வரும். வாசிப்பும் எழுத்தும் ஒரே வினாவில் சோதிக்கப்படும். திருத்துவது சற்றுச் சிரமம், அவ்வளவுதான்.

இனி இலக்கியம். அதிகாரபூர்வப் பெயர் ஆங்கில இலக்கிய நயம். இது தெரிவுப் பாடம். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம், தமிழ் இலக்கிய நயம் எல்லாம் இருக்கும் அதே தொகுதியில் இதுவும் ஒன்று. எடுத்தால் மற்றவற்றைக் கைவிட வேண்டும். அதனால் துணிந்து எடுப்பவர்கள் குறைவு, அவர்களிலும் நகரத்துப் பிள்ளைகள் அதிகம். ஆனால் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கென்று அண்மைக்காலத்தில் தெரிவுசெய்த நூல்களைப் பார்த்தால் பாடத்திட்டம் வகுத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கீட்ஸ், டெனிசன், எமிலி டிக்கின்சன் இருக்கிறார்கள். நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா, போலந்தின் விஸ்லாவா சிம்போர்ஸ்கா இருக்கிறார்கள். செக்கோவின் ‘கரடி’ நாடகம் இருக்கிறது. 2009இல் லாகூரில் கிரிக்கெட் அணியின் பஸ் தாக்கப்பட்டதைக் குமார் சங்கக்கார 2011இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய உரையில் விவரித்த பகுதி இருக்கிறது. சுனாமியில் கணவரையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த சோனாலி தெரணியகலவின் ‘வேவ்’ நூலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. ஆர். கே. நாராயணின் இனிப்புக் கடைக்காரர் ஜகனும் இருக்கிறார். வீட்டில் இராட்டை, அமெரிக்கா போய்த் திரும்பிய மகன். அந்த வீட்டை லண்டன் பிள்ளையைவிடக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

யஸ்மின் குணரத்னவின் ‘பிக் மெட்ச் 1983’ என்ற கவிதையும் அந்தத் தெரிவில் வந்தது. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையைப் பற்றியது. அந்த ஜூலையில் வெள்ளவத்தையில் எந்தெந்த வீடு எரிந்தது என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் அதே ஒழுங்கைகளில் வாழ்கிறார்கள். அவர்களின் பேத்தி அந்தக் கவிதையைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளிடம் என்ன கேட்கப்படுகிறது? ஓரிரண்டு வரியைத் தந்து, இது எந்தக் கவிதை, எழுதியவர் யார், எச்சந்தர்ப்பம், இன்ன சொல்லின் பொருள் என்ன என்ற வகை வினா. அல்லது கவிஞர் இந்தக் கருப்பொருளை எவ்வாறு கையாள்கிறார் என்ற நெடுவினா. இரண்டுக்கும் விடை ரியூட்டரி நோட்ஸில் தயாராக இருக்கிறது. கவிதையில் வரும் முரண், உருவகம், தொனி மூன்றும் இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஏ எடுத்துவிடலாம்.

திஸ்ஸ அபேசேகரவின் ‘பிரிங்கிங் டோனி ஹோம்’ இன்னொரு விசித்திரம். 1996க்கான கிரேஷியன் பரிசு பெற்ற கதை. வறுமைப்பட்டு வீடு மாறும் குடும்பம் விட்டுவிட்டு வந்த நாயைத் தேடி ஒரு சிறுவன் திரும்பிப் போகிறான். அவன் நடக்கும் வழி ஹைலெவல் வீதி. கிருலப்பனைச் சந்தை வாசலில் 138ஆம் இலக்க பஸ் ஏறும் மாணவன் தினமும் போகிற வீதி அது. அந்தக் கதையைப் பாடத்திட்டத்தில் சேர்த்த தேசிய கல்வி நிறுவகம் இருப்பதும் அதே வீதியில், மகரகமவில். ஒரு பாடநூல் இதைவிட வாசகனுக்கு அருகில் வர முடியாது. ‘அன்றைய ஹைலெவல் வீதியையும் நீ காணும் வீதியையும் வைத்து எழுது’ என்ற ஒரு வினா கேட்டால் எந்த நோட்ஸும் தாங்காது. நூல்களைத் தெரிவுசெய்வதில் காட்டிய துணிவை வினா எழுதுவதில் காட்டத் தயங்குகிறார்கள். காரணம் புரியாததல்ல. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும், சொந்தக் கருத்துக்குப் புள்ளியிடும்போது ஆளுக்கு ஆள் மாறும். கவிஞர் பெயரை மறைத்துக் கவிதையை மட்டும் கொடுத்துக் கேம்பிரிஜ் மாணவர்களை எழுதவைத்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், அவர்கள் எத்தனை விதமாகத் தவறி வாசித்தார்கள் என்று 1929இல் ஒரு புத்தகமே போட்டார். கேம்பிரிஜில் அந்த நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தவறான வாசிப்பிலாவது பிள்ளை வாசித்திருக்கும்.

பேச்சுக்கு வருவோம். சாதாரண தரத் தாளில் பேசுவதும் கேட்பதும் இல்லை. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்து, ‘எங்கள் வழியில் ஆங்கிலம் பேசுவோம்’ என்று ஊரெங்கும் பதாகை கட்டியது. ஹைதராபாத்தின் ஆங்கில, அந்நிய மொழிகள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. பதாகைகள் மங்கிப்போயின, தாள் எழுத்துத் தாளாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் இதே சாதாரண தரத்துக்கு வாய்மொழிக்கும் செவிமடுத்தலுக்கும் தனித்தனித் தாள் இருக்கிறது. இலட்சக்கணக்கானோரை எப்படித் தனித்தனியே பேசவைப்பது என்பதுதான் இங்கு வழக்கமாகச் சொல்லப்படும் சாட்டு.

ஆனால் இதே பரீட்சைத் திணைக்களம் இதே சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்துக்கும் பரதத்துக்கும் நாடகத்துக்கும் செயன்முறைப் பரீட்சை நடத்துகிறது. பிள்ளை பரீட்சகர் முன்னால் அமர்ந்து பாடுகிறது, எழுந்து ஆடுகிறது, புள்ளி கிடைக்கிறது. தோடி ராகத்தைப் பாடிக் காட்டச் சொல்லலாம், ஆங்கிலத்தில் நான்கு வசனம் பேசிக் காட்டச் சொல்ல முடியாது என்பது என்ன நியாயம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாடசாலைப் பரீட்சார்த்திகள் மூன்று இலட்சம், தலைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 50,000 மணித்தியாலம். ஒரு பரீட்சகர் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் இருந்தால், ஆயிரம் பேருக்குப் பத்து நாள் வேலை. பெரிய தொகைதான், ஆனால் நாடு தாங்காத தொகை அல்ல. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆயிரம் பேரும் ஒரே விதமாகப் புள்ளியிட வேண்டும், தெரிந்தவர் பிள்ளை என்று பார்க்கக் கூடாது, தூர மாவட்டங்களுக்குப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்களே தயக்கமின்றிப் பேச வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால், 1988இல் நடந்ததே நடக்கும். ‘உமது பெயர் என்ன, பொழுதுபோக்கு என்ன’ என்பதற்கான பத்து விடைகளை அச்சடித்த புத்தகம் அடுத்த மாதமே கடைக்கு வந்துவிடும்.

பேசத் தெரியாமலும், சில வேளை சித்தியடையாமலும் உயர் தரம் போகும் பிள்ளைக்கு அங்கே பொது ஆங்கிலம் என்ற தாள் காத்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் அது சேராது. ஆகவே அதற்கு யாரும் ரியூஷன் போவதில்லை, பல பாடசாலைகளில் அந்தப் பாடவேளை உயிரியலுக்கோ கணக்கியலுக்கோ போய்விடுகிறது. பிறகு மருத்துவ பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் விரிவுரை ஆங்கிலத்தில். தமிழில் பௌதிகவியலில் முதலிடம் பெற்றவர், முதலாண்டில் விரிவுரையாளரின் பகிடிக்கு எல்லாரும் சிரித்து முடிந்தபின் சிரிக்கிறார்.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவே, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பதினாறு வினாவுக்கும் தனித்தனியே போடும் புள்ளிகளைத்தான் கூட்டிக் கடைசியில் ஓர் எழுத்தாக்குகிறார்கள். எந்த வினாவில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எதில் தேறினார்கள் என்று ஆராய்ந்து பரீட்சைத் திணைக்களமே மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகிறது. அந்த விவரம் நாட்டுக்குக் கிடைக்கிறது, பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பிள்ளையின் கையில் வருவது ஆங்கிலம், சி. வெளிநாட்டு விசாவுக்காக எழுதும் ஐயெல்ட்ஸ் பெறுபேற்றில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்குக்கும் தனித்தனி மட்டம் அச்சாகி வருகிறது. எங்கள் பெறுபேற்றுத் தாளிலும் வாசிப்பு ஏ, மொழிப் பயன்பாடு பி, எழுத்து எஸ் என்று மூன்று எழுத்து அச்சிட்டால் உயர் தர வகுப்பின் ஆங்கில ஆசிரியருக்கு முதல் நாளே வேலை எங்கே என்று தெரியும். 52 புள்ளியோடு சி வாங்கிய இருவரில் ஒருவர் நன்றாக வாசித்து எழுதத் தயங்குபவர், மற்றவர் இலக்கணம் முழுவதும் சரியாகப் போட்டுப் பந்தியில் தடுக்கி விழுபவர். இப்போது இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து, நிகழ்கால வினைமுற்றுகளை முதலிலிருந்து மீண்டும் படிக்கிறார்கள்.